சிறு ஆளில்லா வானூர்திகளுக்கான திறந்த மூலத் தன்னோட்டிகள்: விலை, கற்றல், உரிமம்

ஆய்வுச் சுருக்கம்

சிறு ஆளில்லா வானூர்திகளை மனிதக் கையின்றிப் பறக்கச் செய்யும் தன்னோட்டிக் கருவி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆயிரம் டாலர் விலையில், படைத்துறைக்கும் ஒரு சில ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது மாணவர்களின் மேசைக்கு வந்துசேர்ந்தது. உணரிகளின் விலைவீழ்ச்சியே இம்மாற்றத்திற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அவ்விளக்கம் போதாது என்பதையும், கற்றலுக்கான செலவைக் குறைத்த முயற்சிகளும் மூலநிரலைத் திருத்தும் உரிமையும் அதற்கு இணையாகப் பங்காற்றின என்பதையும் பாப்பராட்ஸி, ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 ஆகிய மூன்று திட்டங்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: தன்னோட்டி, ஆளில்லா வானூர்தி, திறந்த மூலம், சாய்நிலை மதிப்பீடு, மென்பொருள் உரிமம், ஆர்டுபைலட்.

முன்னுரை

1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிசை அடுத்த சேன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் தம் கர்ட்டிஸ் நீர்விமானத்தை ஓட்டிக் காட்டினார். பாதுகாப்பான வானூர்திக்கான போட்டி அது. பார்வையாளர்களுக்கு முன்னே வந்தபோது அவர் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கைகளை எடுத்து உயர்த்தினார். உடன் வந்த இயந்திரப் பணியாளர் எமில் காஷான் இறக்கையின் மீது நடந்து சென்றார். ஒருபுறம் எடை கூடியும் விமானம் சாயவில்லை. கைரோஸ்கோப் எனப்படும் சுழல் உருளைகள் அதன் நிலையைக் காத்தன. ஆட்டோபைலட் எனப்படும் தன்னோட்டியின் பொதுவரலாறு இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

ஸ்பெரியின் கருவியும் அதன் வழித்தோன்றல்களும் மனிதரைச் சுமக்கும் விமானத்திற்கு உரியவை. இரண்டு கிலோ எடையுள்ள நுரைப்பலகை விமானம் அவற்றைத் தூக்காது. தூக்கினாலும் அதை வைத்திருப்பவரால் அவற்றை விலைக்கு வாங்க இயலாது. சிறு வானூர்திக்கான தன்னோட்டி அதனால் பெரிய விமானத்தினுடையதன் சிறுவடிவமாக வளரவில்லை. பிற தொழில்களுக்கென உருவான உறுப்புகளைக் கொண்டு, பெரும்பாலும் அத்துறைக்கு வெளியே இருந்தவர்களால் அது புதிதாகக் கட்டப்பட்டது. அக்கட்டுமானத்தின் வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

மேலும் கீழும்: சாய்நிலை என்னும் சிக்கல்

எந்தத் தன்னோட்டியும் முதலில் விடை காண வேண்டிய வினா மிக எளியது: கீழ்த்திசை எது? தரையில் நிற்கும் மனிதருக்கு வினாவாகவே தோன்றாத இது, காற்றில் திரும்பிக்கொண்டிருக்கும் பொருளுக்கு எளிதில் விடை தருவதில்லை. முடுக்கமானி புவியீர்ப்பின் திசையைக் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் விமானம் ஒருபுறம் சாய்ந்து சீராகத் திரும்பும்போது, அதனுள் உணரப்படும் விசை விமானத்தின் தளத்திற்கு நேர்க்குத்தாகவே அமைகிறது. திரும்பும் பயணிகள் விமானத்தில் கோப்பையிலுள்ள தேநீர் சிந்தாமலிருப்பது இதனால்தான். முடுக்கமானியை மட்டும் நம்பும் கருவி, நன்கு சாய்ந்த விமானத்தைச் சமநிலையில் இருப்பதாகக் கருதிவிடும். கைரோ உணரி சுழலும் வேகத்தைச் சொல்லும். அவ்வேகத்தைத் தொடர்ந்து கூட்டிவந்தால் கோணம் கிடைக்கும். எனினும் சிறு பிழைகளும் கூடவே சேர்ந்துகொண்டே போவதால், மலிவான கைரோவின் கணக்கு சில நிமிடங்களிலேயே பொய்த்துவிடும்.

இச்சிக்கலைச் சுற்றிச் செல்லும் முயற்சிகள் சுவையானவை. அமெரிக்காவின் மூத்த மாதிரி விமான வல்லுநர் மேனார்ட் ஹில் 1970களில் வளிமண்டலத்தின் மின்னழுத்த வேறுபாட்டைப் பயன்படுத்தினார். உயரத்தோடு மின்னழுத்தம் மாறுவதால், இறக்கையின் இரு முனைகளிலும் அதை அளந்தால் எந்த முனை தாழ்ந்திருக்கிறது என்று அறியலாம். இதே ஹில்லின் குழு 2003 ஆகஸ்டில் 5 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள மாதிரி விமானத்தை நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, ஏறத்தாழ 3,030 கிலோமீட்டர் தொலைவை, 38 மணி 52 நிமிடங்களில் கடக்கச் செய்தது. அப்பயணத்திற்குள் கருவிகள் மாறிவிட்டிருந்தன. படிக வகைக் கைரோவும் செயற்கைக்கோள் இடங்காட்டியும் அதை வழிநடத்தின.

2000களில் பெரிதும் கையாளப்பட்ட வழி தெர்மோபைல் எனப்படும் அகச்சிவப்பு வெப்ப உணரி. தரை வெப்பமானது; வானம் குளிர்ந்தது. விமானத்தின் இடமும் வலமும் ஒவ்வோர் உணரியைப் பொருத்தினால், சாய்ந்த பக்கத்து உணரி கூடுதல் தரையையும் மற்றது கூடுதல் வானத்தையும் காணும். இரண்டின் வேறுபாடே சாய்வின் அளவு. கணிப்புச் சுமை மிகக் குறைவு. கைரோவைப் போல் நேரம் செல்லச் செல்லத் தவறுவதும் இல்லை. ஆயினும் மூடுபனியிலும் தாழ்ந்த மேகத்தினுள்ளும் பனிமூடிய நிலத்தின் மீதும் தரைக்கும் வானுக்குமான வெப்ப வேறுபாடு மங்கிவிடும். மலைப்பள்ளத்தாக்கில் தொடுவானம் மேலேறிவிடும். பறக்கும் நாளின் வானிலைக்கேற்ப அளவுகோலையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

தெர்மோபைலின் இடத்தை முடிவாகப் பறித்தது ஒரு கணிதப் படிமுறை. மின்பொறியாளர் வில்லியம் பிரெமெர்லானி, பால் பிசார் ஆகியோர் 2009இல் எவரும் படிக்குமாறு வெளியிட்ட விளக்க ஆவணம் அதற்கு அடிப்படை. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மஹோனியும் உடனாய்வாளர்களும் செய்த பணியை அது சிறு கணிப்பிக்கேற்ப எளிமையாக்கியது. விமானத்தின் நிலை ஒன்பது எண்கள் கொண்ட அணியாகக் குறிக்கப்படும். கைரோவின் அளவீடு அவ்வணியை விடாது புதுப்பிக்கும்; முடுக்கமானி அதன் பிழையை மெல்லத் திருத்தும். திரும்பும்போது முடுக்கமானி ஏமாறுமே என்ற பழைய தடைக்கு அவர்கள் தந்த விடை எளியது. இடங்காட்டி தரும் வேகத்தையும் கைரோ தரும் திரும்பு வேகத்தையும் பெருக்கினால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். அதை முடுக்கமானியின் அளவீட்டிலிருந்து நீக்கிவிட்டால் எஞ்சுவது புவியீர்ப்பு. எட்டு பிட் கணிப்பியே இக்கணக்கைப் போட்டுவிடும்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். மலிவான கைரோக்கள் 2009க்கு முன்பே சந்தையில் இருந்தன. விபத்தில் காற்றுப்பையை விரிக்க வேண்டிய மோட்டார் வாகனத் தொழில் 1990களிலேயே நுண்ணிய சிலிக்கன் முடுக்கமானிகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியிருந்தது. 2006இல் வெளிவந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியும் அதைத் தொடர்ந்து வந்த திறன்பேசிகளும் அவற்றை மேலும் மலிவாக்கின. 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு இடங்காட்டிக் குறிகையில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை நிறுத்தியது. ஏறத்தாழ 100 மீட்டராக இருந்த பொதுமக்களுக்கான பிழை ஒரே இரவில் 20 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. உறுப்புகள் யாவும் கையருகே இருந்தும், அவற்றை இணைக்கும் அறிவு எளிய மொழியில் கிடைத்த பின்னரே கருவி பரவியது. விலைவீழ்ச்சியை மட்டும் முன்னிறுத்தும் விளக்கம் தடுமாறும் முதல் இடம் இதுவே.

துலூசிலும் கலிபோர்னியாவிலும்

கட்டற்ற உரிமத்தில் வெளியான, முழுமையாகப் பறந்த சிறு தன்னோட்டிகளுள் முன்னோடி பாப்பராட்ஸி. 2003இல் பாஸ்கல் பிரிசே, அந்துவான் துருவான் ஆகியோர் தொடங்கிய இத்திட்டம் பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள தேசியக் குடிசார் வான்போக்குவரத்துக் கல்லூரியில் வளர்ந்தது. மின்சுற்று வரைபடம், பறக்கும் நிரல், தரைநிலைய மென்பொருள் ஆகிய மூன்றும் பொதுவெளியில் வைக்கப்பட்டன. பறப்புத் திட்டத்தை ஒரு சிறு மொழியில் எழுதி, அதைக் கருவிக்கான நிரலாக மாற்றும் முறையை அது கொண்டிருந்தது. ‘இவ்விடத்தில் வட்டமிடு, மின்கலம் தாழ்ந்தால் வீடு திரும்பு’ என்பன போன்ற கட்டளைகளைப் பயனர் தம் தேவைக்கேற்ப அமைக்கலாம். பயனருக்கேற்பத் திருத்தத்தக்க தன்னோட்டி என்ற கருத்தாக்கம் இங்கேயே முழு வடிவம் பெற்றுவிட்டது எனலாம்.

ஆயினும் பரவலான வரலாறுகள் 2007ஆம் ஆண்டின் ஒரு வார இறுதியிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. வயர்டு இதழின் அப்போதைய முதன்மையாசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் தம் பிள்ளைகளின் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் பொம்மைக் கணிப்பியை ஒரு வானொலி விமானத்தில் பொருத்திப் பறக்க வைத்த நிகழ்ச்சி அது. அவ்வாண்டே அவர் ஆர்வலர்களுக்கான இணையக் குழு ஒன்றைத் தொடங்கினார். மெக்சிகோவின் திகுவானாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, நிரந்தரக் குடியிருப்பு ஆவணத்திற்காகக் காத்திருந்த ஜோர்டி முன்யோஸ் என்ற இளைஞர் அக்குழுவில் சேர்ந்தார். வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியைப் பிரித்து அதன் முடுக்கமானியால் சிறு ஹெலிகாப்டரை நிலைப்படுத்தியிருந்தார் அவர். ஆண்டர்சன் 500 டாலர் அனுப்பி அவர் முயற்சியைத் தொடரச் செய்தார். 2009இல் இருவரும் 3டி ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இக்கதையின் கவர்ச்சி துலூசின் பணியை மறைத்துவிட்டது. இருந்தும் கலிபோர்னியக் குழுவின் வெற்றியைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலாது. பாப்பராட்ஸியின் உறுப்புகள் மலிவானவை. ஆனால் மின்பலகையைப் பயனரே அச்சிடச் செய்து பற்றவைக்க வேண்டும். லினக்சும் சி மொழியும் தெரிந்திருக்க வேண்டும். தரைநிலையமோ ஓகாமல் மொழியில் எழுதப்பட்டது. பொறியியல் ஆய்வகத்திற்கு இது தடையன்று. தனியொரு ஆர்வலருக்கு, பணத்தில் மலிவான கருவி உழைப்பில் விலை மிகுந்ததாயிற்று.

2009இல் வெளிவந்த முதல் ஆர்டுபைலட் பலகை, இத்தாலியின் இவ்ரேயாவில் 2005இல் கலை மாணவர்களையும் மனத்திற்கொண்டு உருவான ஆர்டுயினோவை அடித்தளமாகக் கொண்டது. பெயரே அதைச் சொல்லும். உணரிகள் நீங்கலான வெறும் பலகை 25 டாலருக்குள் கிடைத்தது. யூஎஸ்பி வடத்தை இணைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் நிரல் ஏறியது. தொழில்நுட்ப நோக்கில் அது பாப்பராட்ஸியைவிடப் பின்தங்கியதே. சாய்நிலைக்குத் தெர்மோபைலையே நம்பியிருந்தது. அதில் ஒரு நுட்பம் மட்டும் கவனத்திற்குரியது. முதன்மைக் கணிப்பியைத் தவிர இன்னொரு மிகச் சிறிய சில்லு தனியாக இருந்தது. நிரல் செயலற்றுப் போனாலும் வானொலிவழிக் கட்டுப்பாட்டை மனிதக் கைக்கு மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. கற்றுக்கொள்பவர் தவறு செய்வார் என்பதை ஏற்று அமைந்த வடிவமைப்பு அது. நிரலைத் திருத்தத் துணிவதற்கு அத்தகைய பாதுகாப்பு இன்றியமையாதது.

2010இல் வந்த ஆர்டுபைலட் மெகா, தெர்மோபைலைக் கைவிட்டு முன்சொன்ன அணிப் படிமுறைக்கு மாறியது. 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 8 கிலோபைட் நினைவகமும் கொண்ட எட்டு பிட் சில்லில் நிலையான இறக்கை விமானம், பலசுழலி ஆகிய வகைகள் இயங்கின. தரையில் ஓடும் வண்டியும் பின்னர் சேர்ந்தது. அச்சிறு இடத்தில் பலரும் ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதினர். பலசுழலிகளுக்கான நிரல் 3.2.1 பதிப்போடு அச்சில்லில் நின்றுபோனது. அதற்கு மேல் இடமில்லை.

குயின்ஸ்லாந்தின் போட்டி

நிரல் பறந்ததா என்பதைவிட நம்பத்தக்கதா என்பது கடினமான வினா. அதற்கு விடை கண்ட களங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007 முதல் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டி. வழிதவறிப்போன மலையேறுநரைக் குறிக்கும் ‘அவுட்பேக் ஜோ’ என்ற பொம்மையைப் பரந்த நிலப்பரப்பில் வானூர்தி தேடிக் கண்டுபிடித்து, அரை லிட்டர் தண்ணீரை அதனருகே போட வேண்டும். போட்டி விதிகள் கடுமையானவை. குறித்த எல்லையைத் தாண்டினாலோ, இடங்காட்டிக் குறிகையும் தரைத்தொடர்பும் அற்றுப்போனாலோ வானூர்தி தன் பறத்தலைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும்.

தொடர்ந்து பல போட்டிகளில் எவரும் முழுப்பணியையும் முடிக்கவில்லை. கணிப்பிப் பிணையங்களுக்கான சாம்பா மென்பொருளை உருவாக்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பங்குகொண்ட கான்பெரா அணி ஆர்டுபைலட்டைத் தேர்ந்தது. 2012இல் அவ்வணி ஜோவைக் கண்டுபிடித்தது. தண்ணீர் போய்ச் சேரவில்லை. 2014இல் தண்ணீரைச் சேர்ப்பித்து 50,000 ஆஸ்திரேலிய டாலர் பரிசை வென்றது.

பரிசைக் காட்டிலும் அதற்கான ஆயத்தமே இவ்வரலாற்றில் நிலைத்தது. உண்மையான பறப்புநிரலைக் கணிப்பியினுள்ளேயே பாவனை விமானத்தில் ஓட்டிப் பார்க்கும் முறையை டிரிட்ஜெல் வளர்த்தார். காற்றில் நிகழக்கூடிய கோளாறுகளை மேசையில் அமர்ந்து மீண்டும் மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடிந்தது. விபத்தின் செலவு குறைந்ததால், ஓர் உணரியும் வாங்காத மாணவரும் நிரலைத் திருத்திச் சோதிக்கலாயினர். போட்டி விதிகளுக்கென எழுதப்பட்ட பாதுகாப்புப் பகுதி பொதுநிரலிலேயே சேர்க்கப்பட்டது. ஒரு போட்டியின் நடுவர்கள் வகுத்த விதி, பெயரறியாத பயிர்நிலம் ஒன்றின் மேல் பறக்கும் கருவிக்குள்ளும் இருப்பது இவ்வாறு. உயிர்காக்கும் மருத்துவப் பொருளைக் கொண்டுவருவதை இலக்காக வைத்து இதே போட்டி பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. அவ்வடிவில் 2018இல் நடந்த போட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து ‘தக்‌ஷா’ அணி இரண்டாமிடம் பெற்றது தமிழ்நாட்டு வாசகர் அறிந்ததே.

ஒரே பலகை, இரண்டு உரிமங்கள்

மூன்றாவது ஓடை சூரிச் நகரிலிருந்து வந்தது. இடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் லோரன்ஸ் மையர் 2008இல் தொடங்கிய பிக்ஸ்ஹாக் திட்டம், கணிப்பிப் பார்வையால் உள்ளரங்கில் பறக்கும் வானூர்தியை நோக்கமாகக் கொண்டது. 2009இல் அக்குழு வெளியிட்ட மேவ்லிங்க் என்னும் செய்திப் பரிமாற்ற நெறிமுறை மூலத்திட்டத்தைவிட நெடுந்தொலைவு சென்றது. வானூர்தி தன் நிலையையும் தரைநிலையம் தன் கட்டளையையும் எந்த வரிசையில், எத்தனை பைட்டுகளில் அனுப்ப வேண்டும் என்பதை அது வரையறுத்தது. ஆர்டுபைலட்டும் அதை ஏற்றபின், ஒரு குழுவின் தரைநிலையம் மற்றொரு குழுவின் வானூர்தியோடு பேசியது. கருவியின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

அக்குழுவின் பிஎக்ஸ்4 மென்பொருளுக்கென உருவாகி 2013இல் சந்தைக்கு வந்த பிக்ஸ்ஹாக் பலகை, 168 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 32 பிட் சில்லோடு ஏறத்தாழ 200 டாலர் விலையில் கிடைத்தது. ஆர்டுபைலட் குழு ஏற்கெனவே தன் நிரலை வன்பொருளிலிருந்து பிரிக்கும் இடையடுக்கை எழுதியிருந்ததால், அந்நிரலும் இப்பலகையில் ஏறியது. வரலாற்றாய்வுக்கு அரிதாகவே வாய்க்கும் ஒப்பீடு இது. விலை ஒன்று, உணரிகள் ஒன்று, சில்லும் ஒன்று. மென்பொருள் இரண்டு, அவற்றின் உரிமங்களும் இரண்டு.

ஆர்டுபைலட் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் உள்ளது. நிரலைத் திருத்தி விற்பவர், வாங்குபவருக்குத் திருத்திய மூலநிரலையும் தர வேண்டும். நுகர்வோர் கருவியாயின், வாங்குபவர் தாமே திருத்திய நிரலை அதில் ஏற்றுவதற்கான வழியையும் தர வேண்டும். பிஎக்ஸ்4 தேர்ந்த பிஎஸ்டி உரிமத்தில் இக்கடமைகள் இல்லை; நிறுவனம் தன் திருத்தங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 2014இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ட்ரோன்கோட் என்னும் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது இரு திட்டங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2016இல் உரிம வேறுபாட்டை மையமாகக் கொண்ட பிணக்கில் ஆர்டுபைலட் வெளியேறித் தனித்து நின்றது.

இருதரப்பிலும் நேர்மையான காரணங்கள் இருந்தன. பல கோடி முதலிட்டுக் கருவி செய்யும் நிறுவனம் தன் நுட்பத்தைப் போட்டியாளருக்கு வெளியிட அஞ்சுவது இயல்பு. அஞ்சும் நிறுவனம் பங்களிக்காது, பணமும் தராது. மறுபக்கத்தில், ஊதியமின்றி எழுதிய நிரல் பூட்டிய பெட்டிக்குள் போய், அதை வாங்கியவரே திருத்த முடியாத நிலை வருமானால் ‘திருத்தத்தக்க’ என்ற சொல் பொருளிழக்கும். இரண்டாம் வாதத்தின் வலிமையை அக்காலச் சந்தையே காட்டியது. 2013 தொடக்கத்தில் வெளிவந்த டிஜேஐ நிறுவனத்தின் பாந்தம், பெட்டியைத் திறந்தவுடன் பறக்கும் கருவி. உள்ளிருக்கும் நிரலைப் பயனர் காணவும் முடியாது. பெருந்திரளான மக்கள் அதையே வாங்கினர். அதனோடு போட்டியிட 3டி ரோபாட்டிக்ஸ் 2015இல் கொண்டுவந்த சோலோ தோல்வியுற்றது. மறு ஆண்டில் அந்நிறுவனம் நுகர்வோருக்கான வானூர்தித் தயாரிப்பிலிருந்து விலகியது.

ஆகவே 2009இல் ஒன்றாகப் பேசப்பட்ட மலிவும் மாற்றத்தக்க தன்மையும் 2013க்குப் பின் தனித்தனி வழிகளில் சென்றன. மலிவை மூடிய கருவிகளும் தர முடிந்தது. வேளாண்மைத் தெளிப்பானுக்கோ கடலாய்வுப் படகுக்கோ ஆய்வேட்டுக்கான புதிய கட்டுப்பாட்டு முறைக்கோ ஏற்பக் கருவியைத் திருத்த விரும்பியவருக்குத் திறந்த திட்டங்களே புகலாயின. முதன்மை நிறுவனம் விலகியும் ஆர்டுபைலட் அழியாமல் நின்றதற்கும் உரிமமே காரணம். நிரல் எவருக்கும் தனியுடைமையாக இல்லாததால், நிறுவனம் போனபோது அதனோடு எடுத்துச் செல்லப்படவில்லை.

உரிமத்தில் இல்லாத எல்லை

ஜிபிஎல், பிஎஸ்டி ஆகிய இரு உரிமங்களும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. நிரலை எந்த நோக்கத்திற்குப் பயன்படுத்தலாம் என்பதை அவை கட்டுப்படுத்துவதில்லை. கட்டற்ற மென்பொருள் என்ற கருத்தின் அடிப்படைகளுள் அதுவும் ஒன்று. ஆர்டுபைலட் உருவாக்குநர்கள் இவ்விடைவெளியை அறியாதவர்கள் அல்லர். அத்திட்டத்தின் நிரலைக் கொண்டு இயங்கும் கருவிகளை ஆயுதமாக்குவதற்குத் தெரிந்தே துணைபுரிவதில்லை என்பது அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளுள் ஒன்று. அவ்விதி உருவாக்குநரைக் கட்டுப்படுத்தும். நிரலைப் பதிவிறக்குபவரைக் கட்டுப்படுத்தாது.

2025 ஜூன் 1 அன்று உக்ரைன், ரஷ்யாவினுள் சரக்குந்துகளில் மறைத்துக் கொண்டுசென்ற சிறு வானூர்திகளை ஏவி, தொலைதூர விமானத் தளங்களில் நின்ற குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கியது. சைபீரியாவின் பெலாயா தளமும் அவற்றுள் ஒன்று. அதன்பின் வெளியான காணொளிகளிலும் செய்திகளிலும் அவ்வானூர்திகளின் தன்னோட்டியாக ஆர்டுபைலட் அடையாளம் காணப்பட்டது. திட்டத்தின் தொடக்ககால உருவாக்குநர்கள் இதை வியப்போடு பொதுவில் குறிப்பிட்டனர். அந்நிரலைப் பயன்படுத்த உக்ரைன் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய தேவை இல்லை. கேட்டிருந்தால் மறுக்கும் உரிமையையும் அவர்கள் தமக்கென வைத்துக்கொண்டிருக்கவில்லை.